சூடானால் இறங்கும் பெட்டி

போன வருஷம் கொஞ்ச நாள் எங்கள் வீட்டு ஹாலில் ஒரே முகத்தோடு இரண்டு சிந்தசைசர் கீபோர்டுகள் கிடந்தன. ஒன்று கிழடு. மற்றது அதே கம்பெனி, அதே குமிழ்கள், அதே நிறம் என்று இப்போது திரும்பச் செய்து விற்கிற புதுசு. புதியதை முதலில் வாங்கினேன். அது சரியில்லை என்று முடிவுகட்டிப் பழையதைத் தேடிப்போனேன். என் மனைவி இரண்டையும் சுற்றிச் சுற்றிப் பெருக்கினாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானங்க இருக்கு?"

"வெளியதான் ஒரே மாதிரி. உள்ள வேற."

"ஒங்களையும் ஒங்க தம்பியையும் மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விளக்குமாற்றோடு போய்விட்டாள்.

பழைய அனலாக் பெட்டியை வாங்குவதா, புதிய மறுபதிப்பை வாங்குவதா என்று இணையத்தில் வெள்ளைக்காரர்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறார்கள். எல்லாவற்றையும் படித்தவன் நான். பழைய பெட்டியின் ஒலியில் ஒரு கதகதப்பு இருக்கிறதாம். பனிப்பிரதேசத்துக்காரர்களுக்கு அது பெரிய விஷயமாக இருக்கலாம். புதுக்கோட்டையில் சித்திரை மாதம் கதகதப்பைத் தேடி ஒருவன் அலைந்தான் என்றால் அவன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். முகூர்த்த நாட்களில் கல்யாணம், காதுகுத்துக் கச்சேரிகளில் வாசிப்பேன். இரண்டு இடத்திலும் யாரும் என்னைக் கவனிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும் வருகைப்பதிவு உண்டு. எங்கள் குழுவில் மூன்றே பேர். பாடுகிற அக்கா என்னைவிட மூத்தவர், பகலில் கீழ ராஜ வீதிப் பக்கம் தையல் கடை நடத்துகிறவர். தபேலாக்காரர் சொந்தமாக மினி லாரி ஓட்டுவதால் எங்கள் போக்குவரத்து மந்திரியும் அவரே.

எங்களுக்கு ஒரு வழக்கம். முதல் பாட்டுக்கு முன்னால் நான் பெட்டியில் சுருதியைப் பிடித்துக் காட்டுவேன். அக்கா கண்ணை மூடி அதில் குரலை வைத்துப் பார்ப்பார். தபேலாக்காரர் சுத்தியலால் தட்டிச் சேர்த்துக்கொள்வார். அதற்கப்புறம் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் பெட்டி சொன்னதே தீர்ப்பு. மனிதன் விலகுவான், பெட்டி விலகாது. இதை நாங்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எங்களுக்கு இதுதான் வேதம்.

புதிய பெட்டியோடு முதலில் போனது கொடும்பாளூரில் ஒரு காதுகுத்துக்கு. தகரப் பந்தல், பங்குனி வெயில். எப்போதும் கடைசியில் பாடுகிற பழைய படப் பாட்டை அக்கா எடுத்தார். சரணத்தில் ஒரு வரி சட்டென்று மேலே ஏறும். எங்கள் கச்சேரிக்கு ஏதாவது பெயர் இருக்கிறதென்றால் அந்த ஒரு வரியால்தான். அன்றைக்கு அந்த வரி வந்தபோது அக்கா சிரித்துக்கொண்டே மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டினார். முன்வரிசையிலிருந்த தாய்மாமன் ஒருவர் எழுந்து அதைப் பாடினார். காது குத்திய குழந்தை அன்று இரண்டாம் முறையாக அழுதது.

திரும்பி வரும்போது லாரியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தபேலாக்காரர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அடுத்த தடவ அந்தப் பாட்ட ஒரு அரைக் கட்ட எறக்கிப் பாடிருவமாக்கா? கேக்குறவனுக்கு என்ன தெரியப் போகுது?"

கட்டை என்பது சுருதியின் உயரம். ரெக்கார்டில் எந்தக் கட்டையோ அதே கட்டையில் பாடுவது அக்காவின் கௌரவம். இலுப்பூர் தாண்டியதும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"கட்டையக் கொறைக்கணும்னு என்னைக்கு ஒருத்தன் சொல்றானோ, அன்னைக்கு நா மைக்க வச்சுருவேன். கடையில தைக்கத் துணி கெடக்கு."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க்கா."

"நானும் சும்மாதான் சொல்றேன்."

எனக்கு அவர் சும்மா சொல்லவில்லை என்று தெரிந்தது. வீடு வந்து சேர்வதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். குற்றம் அக்காவிடம் இருக்க முடியாது. என்னிடம் இருக்கக் கூடாது. பாக்கி இருப்பது பெட்டி. புதுப் பெட்டியின் ஒலி விறைப்பாக இருக்கிறது, பாடுகிறவரைத் தாங்கவில்லை. வெள்ளைக்காரர்கள் சொன்னது சரிதான்.

அப்படித்தான் மீமிசலுக்குப் போனேன். துபாயில் வேலை பார்த்தபோது, ஊரைக் காலிசெய்த யாரோ ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய பெட்டி ஒரு பாயிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். இப்போது மீன் லாரிகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கிற தொழில் அவருக்கு. பெட்டியைத் துணி விலக்கிக் காட்டினார்.

"நாலு கீ பேசாது தம்பி. கடக்காத்து கடிச்சிருச்சு. அதுகள மட்டும் தொடாம வாசிச்சுக்கங்க."

"வெல எப்படிங்க பாய்?"

"வெலைய விடுங்க. ஒரு மாசம் கொண்டுபோய் வாசிங்க மொதல்ல. மாடு வாங்குறவன் உழுது பாக்காமயா வாங்குறான்?"

அந்த மாடு உழுதது. விராலிமலையில் ஒரு கல்யாணம். சின்ன மண்டபம், மேடைக்கு நேராக இரண்டு பெரிய ஃபோகஸ் லைட். பேசாத நாலு கீயையும் தாண்டித் தாண்டி வாசித்ததில் என் விரல்கள் புழுதிச் சூட்டில் நடக்கிற கால்களைப் போலக் குதித்தன. தபேலாக்காரர் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் தோலைத் தட்டி இறக்கிக்கொண்டே இருந்தார். "வெக்கைக்குத் தோலு ஏறிக்கிட்டே போகுது சார்" என்றார். கடைசிப் பாட்டில் அந்த வரி வந்தது. அக்கா மைக்கை யாரிடமும் நீட்டவில்லை. ஏறினார், நின்றார், இறங்க மனசில்லாதவர் மாதிரி இன்னும் கொஞ்சம் நின்றார். பந்திக்கு முண்டியடித்துக்கொண்டிருந்த கூட்டம் ஒரு கணம் மேடையைத் திரும்பிப் பார்த்தது. கல்யாண வீட்டில் இதற்குமேல் ஒரு கலைஞனுக்கு மரியாதை கிடையாது.

அக்கா இறங்கி வந்து சோடாவைக் குடித்துவிட்டு, "இந்தப் பெட்டிக்கு ஒரு மனசு இருக்கு வாத்தியாரே" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து இணையத்தில் நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். பழைய பெட்டியின் ஆத்மா பற்றி. பின்லாந்திலிருந்து ஒருவர் பாராட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, விராலிமலைக் கச்சேரியைத் தபேலாக்காரர் போனில் பிடித்து அனுப்பியிருந்ததைப் போட்டுவிட்டு, கூடவே புதுப் பெட்டியில் வாசித்துப் பார்த்தேன். அதை மட்டம்தட்டுகிற நோக்கம்தான். முதல் பாட்டு பொருந்தியது. நாலாவது பாட்டு லேசாக உறுத்தியது. கடைசிப் பாட்டு, பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பது போல் இருந்தது. சந்தேகம் வந்து அரைக் கட்டை கீழே வாசித்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

பழைய பெட்டி சூடாகச் சூடாக இறங்குகிற ஜாதி. லைட்டின் வெக்கையில் பாட்டுக்குப் பாட்டு ஒரு நூல் இறங்கியிருக்கிறது. பெட்டி விலகாது என்று நம்பிய மூன்று பேரும் அதன் பின்னாலேயே மரியாதையாக இறங்கிப் போயிருக்கிறோம். தபேலாத் தோலின் மேல் பழி விழுந்திருக்கிறது. சூடேறினால் மின்தடை மாறும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவன், பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஆத்மாவைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை அக்காவிடம் சொல்வதா? சொன்னால், அவர் மைக்கை வைப்பதற்குத் தேவையான ஒருத்தன் நானாகிவிடுவேன். சொல்லாமல் பழையதையே வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இப்போது எந்த ஊரில் பார்த்தாலும் ஏசி மண்டபம் கட்டுகிறார்கள். அடுத்த கச்சேரியே அறந்தாங்கியில் ஏசி மண்டபம். அங்கே பெட்டி சூடாகாது, இறங்காது. அக்கா அந்த வரிக்கு முன்னால் நின்று அது இறங்கி வராது என்று தெரியாமலே காத்திருப்பார். தானாக நடக்கிற கருணையை நம்பி ஒரு பாடகியை மேடையேற்ற முடியாது.

புதுப் பெட்டியில் சுருதியைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னக் குமிழ் உண்டு. பழையதிலும் இருந்தது, உப்பில் இறுகிப் போயிருந்தது. பழையதை மீமிசலுக்கே திரும்பக் கொண்டுபோனேன். காரணத்தைக் கேட்டுவிட்டு பாய் பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"எறங்குமா? துபாய் ரூம்ல இத வச்சுத்தான் தம்பி நா பாடுவேன். ராவு ஏற ஏற நல்லாப் பாடுறேன்னு கூட இருந்த பயலுகெல்லாம் சொல்லுவானுக."

"நல்லாத்தான் பாடியிருப்பீங்க பாய்."

"விடுங்க" என்றபடி துணியை எடுத்து மூடினார்.

அறந்தாங்கியில் நான் ஒரு பித்தலாட்டம் செய்தேன். ஒவ்வொரு பாட்டு முடிந்து கைதட்டல் வரும்போதும், பெட்டியைத் துடைப்பது போலக் குனிந்து குமிழை ஒரு மயிரிழை இறக்கினேன். கைதட்டல் எங்களுக்கு நீளமாக வருவதில்லை என்பதால் அவசரமாகச் செய்ய வேண்டியிருந்தது. தபேலாக்காரர் சுத்தியலோடு என் காதருகே குனிந்தார்.

"ஏசியிலயுமா சார் தோலு ஏறும்?"

"ஏறும்."

"அப்படியா?"

"இயற்பியல்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கிளம்பவிருந்த பல கேள்விகளை அந்தச் சொல்லால் நான் வகுப்பிலும் நிறுத்தியிருக்கிறேன்.

அக்கா அந்த வரியைப் பாடினார், முழுசாக. இறங்கி வந்தபோது பெட்டிக்கு மனசு இருப்பதாக எதுவும் சொல்லவில்லை. என் வலது கையை ஒரு பார்வை பார்த்தார். வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். நான் மைக் கீழே வைக்கப்படும் ஓசையை எதிர்பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம் ஆவணியில் திருமயத்தில் ஒரு கல்யாணம். வருவாரா என்றே எனக்குத் தெரியவில்லை. வந்தார், புதுச் சேலை கட்டி. முதல் பாட்டுக்கு முன்னால் வழக்கம்போல் சுருதியைப் பிடித்தேன். கண்ணை மூடினார். ஆனால் குரலை வைக்கவில்லை. கண்ணைத் திறந்து, மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"வாத்தியாரே, கடைசியில திருகுறத இப்பவே திருகிருங்க. நடுவுல நடுவுல நீங்க கள்ளன் மாதிரிக் குனியிறதப் பாத்தா எனக்குப் பாட்டு மறக்குது."

நான் குமிழைத் திருகினேன். கீழே மாப்பிள்ளை வீட்டார் நாற்காலிக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னுங் கொஞ்சம்" என்றார். திருகினேன். "போதும்."

தபேலாக்காரர் சுத்தியலை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். தோலைப் பற்றி அவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.