தன் படத்தையே போர்த்திக்கொண்ட கட்டடம்

கடைவீதியின் பழைய துணிக்கடைக் கட்டடம் ஒரே வாரத்தில் புதுசாகிவிட்டது என்று ஊரே பேசியது. காரை உதிர்ந்த வளைவுகளும் கறுத்த தூண்களும் பளபளக்கின்றனவாம். எங்கள் வீதியில் ஒரு வாரத்தில் சாக்கடைக்கு மூடிகூடப் போட்டதில்லை. சந்தேகத்தோடு பார்க்கப் போனேன்.

தூணைத் தொட்டேன். ஆடியது. ஃப்ளெக்ஸ்! முகப்பைப் படம் பிடித்து, அழுக்கைத் துடைத்து, அச்சடித்து, அந்த முகப்பின் மேலேயே இழுத்துக் கட்டியிருந்தார்கள். பழைய கட்டடங்களுக்குப் பரிசு தரும் குழு வருகிறதாம். இரும்புச் சட்டம் மாட்டுவதற்காக, சுண்ணாம்புப் பூவேலையைத் துளைத்துத் தள்ளியிருந்தார்கள். பிணத்தின் முகத்தில் அதன் கல்யாணப் போட்டோவை ஒட்டியது போலிருந்தது.

படத்துக்குப் பின்னால் ஓர் உயிர் இருந்தது. மாடியில் காஜா அக்கா. சட்டையில் பித்தான் நுழையத் துளையிட்டு ஓரம் தைப்பதற்குப் பெயர் காஜா. புருஷன் போனபின் இரண்டு பெண்களையும் அந்த வளைவு சன்னலின் வெளிச்சத்தில்தான் கரையேற்றினார். இப்போது அங்கே புறா எச்ச நாற்றம், பிளாஸ்டிக் வாடை, பட்டப்பகலில் இருட்டு. பல்பு போட்டால் கையின் நிழல் துணியில் விழுகிறது. காஜா கோணிப்போய் தையல்கடையிலிருந்து இரண்டு மூட்டை திரும்பி வந்துவிட்டது. இன்னொன்று வந்தால் வேலை வேறு ஆளுக்கு.

“கட்டட முதலாளிகிட்ட சொன்னீங்களாக்கா?”

“சொல்லாம? ‘படத்துல உன் சன்னல் எவ்ளோ அழகா இருக்கு, போய்ப் பாரு’ங்கிறாரு. படத்துச் சன்னல்ல எவன் வெளிச்சம் விடுவான்?”

குழு வந்த அன்று காலையில் அக்காவே வெளிச்சம் விட்டார். சன்னலுக்கு நேராக ஃப்ளெக்ஸை வெட்டி, கிழிசல் ஓடாதபடி கெட்டி நூலால் சுற்றித் தைத்துவிட்டார். முதலாளி மூச்சிரைக்க மாடியேறினார்.

“கிழிச்சிட்டியா பாவி?”

“கிழிக்கல முதலாளி, காஜா எடுத்திருக்கேன். பெரிய பித்தானா வாங்கிப் போட்டுக்குங்க.”

அதற்குள் கீழே குழு வந்து இறங்கியது. தலைவர் அண்ணாந்து பார்த்தார். “சன்னல்கூட நெஜமாவே திறக்குதே! அருமை!”

முதலாளி பல்லை இளித்தார். பரிசும் கொடுத்துத் தொலைத்தார்கள். த்தூ! ஓட்டையை மட்டும் இனி யாரும் அடைக்க முடியாது. பரிசு வாங்கிய ஓட்டை. மூன்றாவது மூட்டை திரும்பி வரவில்லை.

ஆனால் அந்தத் தையலில் உடைந்தது, கீழே செருப்புத் தைப்பவரிடம் இரவல் வாங்கிய ஊசி. அவர் தினமும் அண்ணாந்து கத்துகிறார்:

“ஏம்மா, என் ஊசி என்னாச்சு?”

பரிசு பெற்ற கட்டடத்திலிருந்து ஒரு தலை நீள்கிறது.

“நாளைக்குத் தரேண்ணே!”