நேரில் வரச் சொல்லிவிட்டுப் போய்விட்ட நீலகண்டன் சார்

நீலகண்டன் சார் காலமாகிவிட்டார். காலையில் ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஹார்ட் அட்டாக்.

என் கணவர் வினோத் வேலை பார்க்கும் கடல் உணவு எக்ஸ்போர்ட் கம்பெனியின் லீகல் ஹெட் அவர். வினோத் அங்கே வளைகுடா பிராஞ்சுக்கு மேனேஜர்.

ஒரு கண்டெய்னர் இறால் கெட்டுப்போய்விட்டது என்று அந்த ஊர் பார்ட்டி கேஸ் போட்டான். லைசென்ஸில் மேனேஜர் என்று இருப்பது வினோத் பெயர். கேஸ் முடியும்வரை நாட்டை விட்டு வெளியே வர முடியாது. மகள் நடக்க ஆரம்பித்ததை வீடியோ காலில்தான் பார்த்தார்.

அவர் கிளம்புவதற்கு முன்பே ஆபீஸ் கேன்டீனில் வைத்து சார் சொன்னாராம். "மேனேஜர்னு பேர் போட்டா, கம்பெனிக்கு விழற அடி உன் முதுகிலயாக்கும் விழும். யோசிச்சுக்கோ." வினோத் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னார்...

கேஸ் வந்ததும் சாரிடம் ஓடினோம். மனிதர் எழுத்தில் ஒரு வார்த்தை தரமாட்டார்.

அங்கே கம்பெனி வக்கீல் எழுதுவதற்கு ரகசியப் பாதுகாப்பு கிடையாதாம். எதிர்த்தரப்பு கேட்டால் கோர்ட்டில் நீட்ட வேண்டிவரும் என்று பயம். மெயில் கிடையாது, வாய்ஸ் மெசேஜ் கிடையாது. நான் பாதி பக்கத்துக்கு மெசேஜ் அனுப்பினால் பதில் இரண்டே வார்த்தை: "வீட்டுக்கு வா."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரமனையில் இருக்கும் அவர் வீட்டுக்கு பஸ் ஏறுவேன். அவர் பாட்டுக்குக் காபி வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

வினோத்திடம் நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்ததும் என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். ஒரு தடவை "எங்க மேல தப்பு இல்லை"ன்னு ஆரம்பித்துவிட்டேன். "தப்புங்கற வார்த்தையே உன் வாயில வரப்படாது, கேட்டியோ? சரக்கைப் பத்திப் பேசு." ஸ்கூலில்கூட இப்படி ஒப்பித்ததில்லை.

போன வாரம் அவரே கூப்பிட்டார். "எதிர்ப்பக்கத்து வக்கீல் ஒரு விஷயம் ஒத்துண்டிருக்கான். நல்ல சேதியாக்கும். நேர்ல வா, சொல்றேன்."

குழந்தைக்கு ஜுரம் சார், போனிலேயே சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ஜுரம் விட்டதும் வா என்று வைத்துவிட்டார்.

ஜுரம் நேற்றுதான் விட்டது.

இன்று போனேன். அந்த வீட்டில், அந்த நேரத்தில், மாமியிடம் இதைக் கேட்கலாமா... கேட்டேன். வினோத் அங்கே போனைப் பிடித்தபடி காத்திருக்கிறாரே.

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்கிட்டயும் சொல்லலைம்மா. கொழந்தையோட அலையறாளே, போன்ல சொன்னா என்னன்னு நானும் கேட்டேன். நேர்ல கேட்டா அவ மொகம் எப்படி ஆறதுன்னு பாக்கணும்னார்."

ஆபீஸில் அவருக்கு அடுத்தபடியாக இருக்கும் வக்கீலிடம் கேட்டேன். ஃபைலில் ஒன்றுமே இல்லையாம். நாளை அந்த எதிர்ப்பக்கத்து வக்கீலையே கூப்பிட்டுக் கேட்கப் போகிறாராம். சாரிடம் ஒத்துக்கொண்டதை அந்த ஆள் இவரிடமும் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இருப்பது அவ்வளவுதான்.

சார், இந்தப் போஸ்டைப் பார்த்திருந்தால் உடனே டெலிட் பண்ணச் சொல்லியிருப்பீர்கள். பண்ணமாட்டேன்.

போய் வாருங்கள் சார். இன்றைக்கு எனக்குக் கோபம்தான் வருகிறது. அழுகை வேறொரு நாள் வரும்.