செவலைக்கு ஒரு பிடி கொழுந்து

எனக்கு என் தாத்தாவின் பெயர். அது ஒரு மரத்தின் பெயர். எந்த மரம் என்று இங்கே எழுதப்போவதில்லை. என் மனைவி என் முகத்துக்கு நேரே ஒரு நாளும் சொல்லாமல் காத்த பெயரை நான் காகிதத்தில் போட்டு உடைப்பானேன்? காலையில் பல் துலக்கக் குச்சி ஒடிக்கிற மரம், அம்மை போட்ட வீட்டு வாசலில் கொத்தாகச் செருகுகிற மரம் என்றால் உங்களுக்கே தெரிந்துபோகும்.

மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது, புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது. இந்த இரண்டு கட்டும் என் ஒருவன் தலையில் வந்து விழுந்தது. தாத்தாவின் பெயரை வைத்ததால், பெற்ற அம்மையே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு நான் 'மூத்தவன்', இல்லையென்றால் வெறும் 'ஏலே'. அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டுக்குள் என் பெயர் கேட்கவே இல்லை. அப்புறம் கல்யாணம் ஆகி இவள் வந்தாள். இவளும் சொல்லக்கூடாதவள்தான்.

எங்களுடையது சீவலப்பேரிக்குப் பக்கத்தில் ஆற்றோரத்து ஊர். இவளுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம், செம்மண் தேரி. அந்தப் பக்கம் ரயில் வராத காலம். மாட்டு வண்டியில் வந்து இறங்கியபோது மடியில் ஓர் ஓலைக் கூடை, அதற்குள் ஒரு செவலைக் கோழி. இவள் அம்மை குஞ்சிலிருந்து வளர்த்தது. "எம் மகளுக்கு அங்கன பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டாமா" என்று சொல்லி ஏற்றிவிட்டாராம். அந்த ஐப்பசியிலேயே அவர் வாந்திபேதியில் போய்விட்டார். தகவல் தெரிந்து நாங்கள் வண்டி கட்டிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திரும்பி வந்தவள் நேரே கொல்லைக்குப் போய், கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தைத் தூக்கி, செவலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் அம்மை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. எனக்கு அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போலிருந்தது. பகலில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டால் ஊர் சிரிக்கும் என்ற பயம். வயலுக்குப் போய்விட்டேன்.

பங்குனியில் செவலை மெலியத் தொடங்கியது. தின்பதற்குக் குறைவில்லை, தின்றது உடம்பில் ஒட்டவில்லை. தூக்கினால் நெஞ்செலும்பு கையில் குத்தியது. கொண்டை வெளுத்துவிட்டது. எச்சத்தில் நூல் நூலாக வெள்ளைப் பூச்சி நெளிவதை அம்மைதான் முதலில் பார்த்தாள். கூட மேய்கிற எங்கள் கோழிகளும் ஒவ்வொன்றாகச் சோர்ந்து உட்கார ஆரம்பித்திருந்தன.

"இது தேறாதுலே. இது ஒண்ணால எல்லாத்துக்கும் பூச்சி புடிச்சுரும். வெள்ளிக்கெழமைக்குள்ள அறுத்துரு" என்றாள் அம்மை. கொடுமைக்காரி இல்லை அவள். அந்தக் கோழிகள்தான் அவளுக்கும் பேச்சுத் துணை.

அடுப்படிக்குள்ளிருந்து என் மனைவி வெளியே வந்தாள். வந்த நாளிலிருந்து மாமியாருக்கு எதிர்ப்பேச்சு பேசாதவள்.

"எங்கம்மை இதுக்கு மருந்து குடுப்பாவ அத்தை. மஞ்சளும் சீரகமும் இங்க இருக்கு. எலை மட்டும் வேணும்."

"ஏளா, என்ன எலை?"

என்னை ஒரு தரம் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். "கசக்கும் அத்தை. மரத்து எலை" என்றாள்.

எங்கள் கொல்லையில் முருங்கையும் பூவரசும்தான் உண்டு. புது மருமகள் தனியாகத் தெருவைத் தாண்டக்கூடாது. ஆகவே நான் கிளம்பினேன். கசக்கும், மரம் என்றால் வேறென்ன, அகத்திதானே? வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போய் அகத்திக்கீரை ஒரு கட்டு ஒடித்து வந்து போட்டேன். அவள் அதை ஆய்ந்து, வதக்கி, மத்தியானம் எனக்குப் பரிமாறினாள். மருந்து எப்படி என் இலையில் வந்தது என்று சாப்பிட்டு முடிக்கிறபோதுதான் யோசித்தேன்.

மறுநாள் அம்மை சிரித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆனால் அவளும் சொல்லக்கூடாதே.

"ஏலே, அவ கேக்கது ஒன் எலையத்தாம்லே. போயி ஒடிச்சுட்டு வா."

என் இலை! எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிறவன் நான். மறுபடியும் அதே கொடிக்காலுக்கு ஓடி, வெற்றிலை ஒரு கட்டு கிள்ளி வந்து பெருமையாக நீட்டினேன். அம்மை தலையில் அடித்துக்கொண்டாள்.

"கூறுகெட்டவனே, ஒன்னய நாங்க ரெண்டு பேரும் என்ன சொல்லிக் கூப்பிட மாட்டமோ, அந்த எலைலே."

கதவுக்குப் பின்னால் களுக்கென்று சத்தம் கேட்டது. என் மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மை போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்னும் நாலு தப்பான இலையைக் கொண்டு வரலாமா என்றிருந்தது. ஆனால் மறுநாள் வெள்ளி. கால்வாய்க்கரைக்கு ஓடி, என் பெயர் கொண்ட மரத்தில் ஏறி, உச்சிக் கிளையில் பங்குனித் துளிராகப் பார்த்து மடி நிறைய ஒடித்து வந்தேன்.

அன்று சாயங்காலம் கோழிகளுக்குத் தீனி போடாமல் தண்ணீர் மட்டும் வைத்துப் பஞ்சாரத்தைக் கவிழ்த்தாள் என் மனைவி. வெறும் வயிற்றில் கொடுத்தால்தான் பூச்சி விழுமாம். விடிந்ததும் கொழுந்தையும் மஞ்சளையும் சீரகத்தையும் அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டி, நல்லெண்ணெய் தொட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாயில் பல்குச்சியோடு வைக்கோற்போர்ப் பக்கம் வந்தபோது மற்றக் கோழிகளெல்லாம் விழுங்கிவிட்டிருந்தன. செவலை மட்டும் அலகை இறுக்கிக்கொண்டு தலையை உதறியது. போருக்கு அந்தப் பக்கம் நான் நிற்பது அவளுக்குத் தெரியாது.

"வாயத் தொற தாயி. நீயும் போயிட்டா எங்கம்மைய நான் எங்கன போயித் தேடுவேன்?"

மறுபடி உதறல்.

"இது என்ன கொழுந்துன்னு தெரியுமா?" என்று குரலைத் தாழ்த்தினாள். பிறகு, பைய, என் பெயரைச் சொன்னாள். "அவுகளே மரத்துல ஏறி ஒடிச்சுட்டு வந்தாவ. கசக்கும். ஆனா நமக்கு நல்லதுதான் செய்யும். முழுங்கிரு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இருமல் வந்ததை அடக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டேன்.

செவலை விழுங்கியது. மத்தியானத்துக்குள் பூச்சி விழுந்தது. பஞ்சாரத்தடியைக் கூட்டிச் சாம்பல் தூவினார்கள் மாமியாரும் மருமகளும். அம்மை செவலையைத் தூக்கிப் பார்த்து, "கெடக்கட்டும், எங்கன போவுது" என்று கீழே விட்டாள். சித்திரையில் கொண்டை சிவந்தது, ஆனியில் அடை உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு எங்கள் கோழிகளைப் போல மருந்து தின்ற கோழிகள் அந்தத் தாலுகாவில் இருந்திருக்காது. ஒன்று சும்மா கண்ணை மூடிப் படுத்தாலும் போதும், நான் கொழுந்தோடு வந்து நிற்பேன்.

"நல்லா மேயுதேலே, இப்ப என்னத்துக்கு மருந்து?" என்பாள் அம்மை.

"பூச்சி இருக்கும் போல" என்று சொல்லிவிட்டு, விடிகிற நேரத்துக்கு வைக்கோற்போருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.