சந்தனம் பூசிய நம்பர்

"நம்பர் எழுதத் தெரிஞ்சா கேமரா தெரிஞ்சிடுமா? உனக்கு இன்னாம்மா தெரியும் அதப் பத்தி?" என்றார் முதலாளி.

எண்பதுகளின் நடுவில், செங்கம் சாலையில் இருந்த அவருடைய லாரி எடைமேடையில் நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் எண்கள் அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனாலும் கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை வியாபாரி ஒருவர், நிலக்கடலை மூட்டைகளை எடை போட்ட பிறகு, சீட்டில் உள்ள நம்பர் தன் லாரியுடையதே இல்லை என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். இனி ஒவ்வொரு லாரியையும் நம்பர் தெரியும்படி படம் எடுத்து வைப்பது என்று முதலாளி தீர்மானித்தார். மேடையில் இருந்த எங்கள் இரண்டு பேரில் சரியான கேமராவைத் தேர்ந்தெடுப்பவருக்கே மேடைப் பொறுப்பு. மற்றவர் போக வேண்டியதுதான்.

எனக்குப் போட்டி முதலாளியின் அண்ணன் மகள். மெட்ராஸ் ஹாஸ்டலில் படித்துவிட்டு வந்திருந்தாள். மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேமரா கழுத்தில் தொங்கும். பொத்தானை அழுத்தினால் போதும், ஃப்ளாஷ் தானாக அடிக்கும். டிரைவர்கள் அவளைப் "பாப்பா" என்றார்கள், என்னைச் "சீட்டு" என்றார்கள். அவள் என்னை "அக்கா" என்று கூப்பிட்டதுகூட எனக்கு எரிந்தது. அவள் சட்டையின் காலர் மடிப்பைக்கூட நான் தினமும் பார்த்தேன்.

நான் தேரடித் தெரு ஸ்டுடியோவில் ஒரு பழைய கேமராவை வாடகைக்கு எடுத்தேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் லென்ஸ் அதில் இருந்தது. தூரம், வேகம், வெளிச்சம் மூன்றையும் கையால் திருப்ப வேண்டும். அதன் ஆங்கிலக் குறிப்பை அகராதியோடு இரண்டு முறை படித்தேன். அவள் படித்திருக்க மாட்டாள் என்று நினைத்தபோது நெஞ்சு குளிர்ந்தது.

சோதனை ஆயுத பூஜைக்கு மறுநாள். லாரிகள் மாலையும் வாழைக்கன்றுமாக வந்தன.

"சினிமாவுக்கு ஆள் எடுக்கிறீங்களா? நான் வரட்டா?" என்றான் ஒரு டிரைவர்.

"மூஞ்சி வேணாம், நம்பர் போதும்" என்றேன்.

நான் லாரிகளை முன்னாலிருந்து எடுத்தேன். சீட்டு எழுதும் ஜன்னலிலிருந்து அதுதானே பழக்கம். அவள் ஒவ்வொரு லாரிக்கும் பின்னால் போய் நின்றாள். லாரிக்கு முகம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லையே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை படங்கள் வந்தன. என் படங்களில் எல்லாமே தெளிவாக இருந்தன, நம்பரைத் தவிர. பலகை முழுக்கச் சந்தனமும் குங்குமமும். தினமும் வந்துபோகும் வண்டிகள், அதனால் சந்தனத்துக்கு அடியிலும் என் கண் நம்பரைப் படித்திருந்தது. கேமராவுக்கு அந்த லாரிகளைத் தெரியாதே.

அவள் படங்களில் சந்தனம் இல்லை. ஆனால் நம்பர் எறும்பு அளவு. கொட்டகை நிழலில் ஃப்ளாஷ் அடித்த இடங்களில் பெயிண்ட் பளபளத்து வெறும் வெள்ளைத் திட்டு.

"ஒண்ணுல நம்பர மறைச்சிட்டீங்க, ஒண்ணுல தொலைச்சிட்டீங்க" என்றார் முதலாளி. "திங்கக்கிழமை சொல்றேன்."

"முன்னாடி மாலை மறைக்குதுன்னுதான் பின்னாடி போனேன்க்கா" என்றாள் அவள் என்னிடம், மன்னிப்புக் கேட்பது போல.

என் கேமராவும் அவள் நின்ற இடமும் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை. திறந்தால் பாதி அவளுடையதாகிவிடும். ஞாயிறு முழுக்க அந்தப் பாதியை அவளுக்குக் கொடுக்காமலிருக்க ஒரு வழி தேடினேன். கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை முதலாளி வந்து உட்கார்ந்தபோது, காலையில் வந்த ஏழு லாரிகளையும் நான் பின்னாலிருந்து எடுத்து முடித்திருந்தேன். ரோல் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டது. அதன் உறையில், இடம் பார்த்தது அவள் என்று எழுதியிருந்தேன். கேமரா பார்த்தது நான் என்பதை அதற்கு மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில்.