செல்லாண்டியை ஏசுகிறவர்

“மேற்படி நபர் மத உணர்வைப் புண்படுத்தும் தீய உள்நோக்கத்துடன் அம்மன் சிலையை இழிவாகப் பேசி, சமூக அமைதியைக் குலைக்க முயன்றார்” என்கிறது புகார் மனு. அது காவல் நிலையத்தில் கொடுக்கப்பட்ட நேரத்தில், மேற்படி நபர் அதே அம்மனின் பித்தளைக் கண்மலரைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் பொன்னாயி. திருச்செங்கோட்டுக்கு வடக்கே ஒரு கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கும் வேலை. ஆயிரக்கணக்கான கோழிகளின் கூச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல்; அவர் சொல்லும் ரகசியம் பக்கத்துக் காட்டுக்கும் கேட்கும். வெள்ளிதோறும் தன் மரவள்ளிக் காட்டோரத்துச் செல்லாண்டியம்மனுக்கு விளக்கேற்றுவார். ஏற்றியதும் ஏசத் தொடங்குவார். அங்கே பூசாரி கிடையாது. ஊர் நடப்பைத் தெய்வத்துக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே.

சென்ற மாதம் நடப்பு மோசம். காட்டில் ஆழ்துளைக் கிணறு போட வந்த ரிக் லாரி ஆயிரம் அடி துளைத்தும் புழுதிதான் பறந்தது. “ஏன்டி, கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? எம்பட குச்சிக்கிழங்கு காயறது தெரியலையா? பொட்டு வெச்சுட்டு மினுக்கிட்டு உக்காந்திருந்தாப் போதுமா?” என்று கேட்டு, போர் போட்ட கல்தூளை அள்ளி அம்மன் காலடியில் வீசினார்.

லாரிக்காரர்களில் ஒருவர் அதைப் போனில் வீடியோ எடுத்தார். அது போன் போனாகப் பயணித்து, நகரத்தில் மதம் காக்கும் அமைப்பொன்றின் செயலாளர் தமிழரசுவிடம் சேர்ந்தது. இந்தக் கோயிலை அவர் பார்த்ததே இல்லை. இருந்தும் புண்பட்டார்.

“நீங்க எந்த மதங்கம்மா?” என்றார், நிலையத்துக்கு வரவழைத்த எஸ்.ஐ. பாலசுந்தரம்.

“நாங்க செல்லாண்டிங்க சார்.”

எஸ்.ஐ. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சாமிக்குச் சொந்தக்காரங்க திட்டலாம்னு சட்டத்துல இல்லீங்களே. வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால நின்னு மன்னிப்புக் கேளுங்க, மனுக் கொடுத்தவரு வந்து வீடியோ எடுத்துக்கட்டும். இல்லீன்னா கேசு. மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு. ஏம்மா, திட்டாமக் கும்பிட முடியாதுங்களா?”

“மரியாதையாப் பேசறதுக்கு அவ என்ன வெளியாளுங்களா?”

சட்டத்தின் மேல் பொன்னாயிக்குக் கோபமில்லை. உடன் வேலை பார்க்கும் இன்பமேரியின் மாதா கோயிலைக் கொளுத்த வேண்டும் என்று மைக்கில் கத்தியவனைப் பிடிக்கத்தான் அது என்று அவரே விளக்கம் சொன்னார். “அவனைப் புடிங்க சார், நானே சாட்சிக்கு வாரேன்.” அந்த ஆளைப் பற்றி இதுவரை மனு எதுவும் வரவில்லையாம்.

“கேட்டுத் தொலையேன், ஒரு வார்த்தைதானே” என்றார் வீட்டில் கணவர் சடையன்.

“உங்களையுந்தான் தெனமும் திட்டறேன். நீங்க கேசு போட்டீங்களா?”

சடையன் யோசிப்பதுபோல் இருந்தது.

“ஒருக்கா மன்னிப்புக் கேட்டுட்டா, அப்புறம் அவகிட்ட வாயைத் தொறக்க முடியுமா? ஊமையாட்டம் கும்பிட்டு வரோணும். அதுக்கு ஜெயிலே தேவலை.”

வெள்ளிக்கிழமை தமிழரசு கோயிலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனை நீட்டினார். “மன்னிப்புக் கேக்கறேன்னு சொல்லுங்கம்மா.”

“கொண்டா சாமி” என்று பொன்னாயி போனை வாங்கினார். தன் பக்கம் திருப்பவில்லை. அம்மனின் வாயருகே பிடித்தார்.

“ஏன்டி, உம்பட மனசு புண்ணாயிப் போச்சுன்னு இந்தத் தம்பி கேசு போடறான். நெசமா? நீயே சொல்லு.”

காற்றில் மரவள்ளிச் சருகு உரசியது. எஸ்.ஐ. அனுப்பிய காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தமிழரசுவும், தன்னை அறியாமல், பதிலுக்குக் காத்திருந்தார்.

கை வலிக்கும் வரை பிடித்திருந்துவிட்டு, பொன்னாயி போனைத் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.