வாயாடித் தூதர்

ஞாயிற்றுக்கிழமை மாலை, வீடு திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் அமர்ந்து, சமீபத்திய ஆட்டங்களை மனதுக்குள் அசைபோட்டுக்கொண்டு வந்தார் ஏலக்காரர். முகத்தில் ஒரு முறைப்பு இருந்தது. உள்ளுக்குள் ஒரே குஷி.

மீன் மார்க்கெட்டில் ஏலம் கூறியவர் அவர். ஐஸ் பெட்டிகள் தரையில் உரசும் இரைச்சலையும் மீறி அவர் குரல் கேட்கும். வாங்க வந்தவரைக் கிண்டலடித்து, அவர் சிரித்து முடிப்பதற்குள் சரக்கை அவர் தலையில் கட்டிவிடுவார். அப்படிப்பட்டவரின் வாயைத்தான் பக்கவாதம் வந்து கட்டிப்போட்டது. கை கால்கள் மெல்ல வழிக்கு வந்தன. புத்தியிலும் குறையில்லை. சொல்ல வேண்டியது நெஞ்சில் பளிச்சென்று நிற்கும். நாக்குக்கு வருவதற்குள் வேறு ஏதோ ஆகிவிடும். தண்ணீர் கேட்க நினைத்து "சாவி" என்பார். மனைவி சாவியோடு வந்து நிற்கும்போது, அவருக்கே தன்மேல் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

ஏலம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அதை அவரால் தடுக்க முடியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை எவன் வந்து சொன்னாலும் விடுவதாக இல்லை.

ஆட்டம் நடப்பது கண்ணாடிக்கடையின் பின்னறையில். கடைக்காரிதான் கதை சொல்வாள். ஒரு ராஜ்ஜியம், அதற்கு ஓர் ஆபத்து என்று ஆரம்பித்து வைப்பாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தப் பாத்திரமாகவே பேசிக் கதையை நகர்த்த வேண்டும். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். லிஃப்ட் மெக்கானிக் வில்லாளி. ஏலக்காரரின் மைத்துனன் மந்திரவாதி. ஏலக்காரர் அரசரின் தூதர். கத்தி கபடா எதுவும் கிடையாது, வாய்தான் ஆயுதம்.

நோய்க்குப் பிறகு அவர் முதன்முதலாகப் போன அன்று, லிஃப்ட் மெக்கானிக் ஆசையாக ஒரு பொம்மையை எடுத்து அவர்முன் வைத்தார்.

"அண்ணே, உங்களுக்குன்னே புதுசா ஒரு ஆளு. மல்லன், பிறவி ஊமை. பேசவே வேணாம், அடிச்சு நொறுக்கிட்டே போகலாம்."

ஏலக்காரர் பொம்மையைப் புறங்கையால் தள்ளினார். "தூ... தூ..." என்றார்.

மைத்துனன் பதறி எழுந்தான். "துப்பணுமா மாமா? இருங்க, பக்கெட் எடுத்துட்டு வரேன்."

"தூ... தர்!" என்று மேசையில் ஓங்கி அடித்தார் ஏலக்காரர். பகடைகள் துள்ளின. லிஃப்ட் மெக்கானிக் மல்லனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் வேறு விதமான தொல்லை. அவர் ஒரு சொல்லைத் தொடங்கினால் போதும், மைத்துனன் அதை முடித்துவைப்பான். அதுவும் தப்பும் தவறுமாக. தூதர் "பா..." என்று இழுக்க, "பாலத்தை இடிக்கச் சொல்றாரு!" என்றான் அவன். அவர் கேட்க நினைத்தது பாதுகாப்பு. பாலம் போனதுதான் மிச்சம். கடைக்காரி அவன் பக்கம் திரும்பினாள்.

"இனிமே அவர் பேசி முடிக்கிற வரைக்கும் என் கதையில ஒரு இலைகூட அசையாது. உனக்கு அவசரம்னா வெளிய போய் காத்து வாங்கிட்டு வா."

இன்றைய ஆட்டத்தில் எதிரியின் கோட்டை வாசல். கடைக்காரி தளபதியாக மாறி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "உங்க அரசர் சரணடையறாரா? பதில் சொல்லும் தூதரே!"

ஏலக்காரருக்கு வியர்த்தது. சொற்கள் கூட்டமாக வந்து தொண்டையில் முட்டிமோதின. மைத்துனன் உதட்டைக் கடித்தபடி கூரையைப் பார்த்தான். எவரும் உதவிக்கு வரவில்லை.

"எங்க... ஊரு." மூச்சை இழுத்துக்கொண்டார். "எங்க... கதவு. நீ... தட்டு. நாங்க... தொற... தொறக்க மாட்டோம்."

அவர் பகடையை உருட்டினார். விழுந்தது ஒன்று. அதைவிட மோசமாக விழ வழியே இல்லை.

"இது கணக்குல வேணாம்," என்றார் லிஃப்ட் மெக்கானிக் அவசரமாக. "அண்ணன் எப்படிப் பேசிட்டாரு! இன்னொரு தடவை போடட்டும்."

கடைக்காரியும் தலையாட்டினாள். மைத்துனன் பகடையை எடுத்து நீட்டினான்.

ஏலக்காரருக்கு முகம் சிவந்தது. போன வருஷம் இதே தூதர் தோற்றபோது இதே ஆட்கள் வயிறு குலுங்கச் சிரித்தவர்கள்தானே! இன்று மட்டும் என்ன கரிசனம்?

"வேணாம்." பகடையைப் பிடுங்கி மேசையில் வைத்தார், ஒன்று மேலே தெரியும்படி. "தோத்தா... தோத்ததுதான். பிச்சை... போடாதே."

கடைக்காரி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தளபதியின் குரலில் உறுமினாள்: "திமிர் பிடிச்ச இந்தத் தூதனைப் பாதாளச் சிறையில தள்ளுங்க!"

லிஃப்ட் மெக்கானிக்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், பழையபடியே ஈவிரக்கம் இல்லாமல். ஏலக்காரருக்கு அது தேனாக இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன ஆச்சு இன்னைக்கு?"

"ஜெ... ஜெயி..."

"ஜெயிச்சுட்டீங்களா!"

அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். அவசரப்படாமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"ஜெயில்."