லைனைப் பார்த்துப் பந்து போடச் சொன்னவர்

நம் அணித் தோழிகளுக்கு,

இந்த ராத்திரியில் எழுதுவதற்கு மன்னியுங்கள். சின்னவன் இப்போதுதான் தூங்கினான். மூச்சு சீராக வருகிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது மருதமுத்து மாஸ்டரின் மனைவி போன் செய்தார். "அவரு தூக்கத்துலயே போயிட்டாரும்மா. மொகம் சிரிச்ச மாதிரியே இருக்கு," என்றார். கொழும்புக்கும் எம்பிலிப்பிட்டியவுக்கும் போய்விட்ட உங்களில் பலரால் இறுதிச் சடங்குக்கு வர முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை குருவிட்ட ஊர் அணியோடு நமக்கு ஆட்டம். பொறுப்பாக ஆள் இல்லாவிட்டால் அணியும் வேண்டாம், மைதானமும் தர முடியாது என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டார்.

இங்கிலாந்தில் ஒரு கவுண்டி கிரிக்கெட் அணிக்கு வேகப்பந்து வீசிய மாஸ்டர், திரும்பி வந்து நம் ரப்பர் தோட்டத்தில் பெண்கள் அணி அமைக்கப்போவதாகச் சொன்னதும் தோட்டமே சிரித்தது. செல்லம்மா அக்கா நேராகவே கேட்டார்: "ஏங்க மாஸ்டர், வெள்ளக்காரன் ஊர்ல ஒங்களுக்கு ஆள் கெடைக்கலியா?"

"கெடைச்சாங்க. ஆனா விடியக்காலயில அத்தன மரம் பால் வெட்டிட்டு வந்து நிக்கிற மணிக்கட்டு அங்க ஒருத்தனுக்கும் இல்லியே!"

அக்கா மறுநாளே பெயர் கொடுத்துவிட்டார்.

முதல் பயிற்சி நினைவிருக்கிறதா? நான் பந்தோடு ஓடிவந்தேன். "லைனைப் பாருங்க! லைனைப் பாருங்க!" என்று மாஸ்டர் கத்தினார். பந்து போக வேண்டிய நேர்கோட்டைத்தான் சொன்னார். ஆனால் லைன் என்றால் நமக்கு வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகள்தானே! பெரியவளை மாமியார் பக்கத்தில் தூங்கவைத்துவிட்டு வந்திருந்தேன். பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று பந்தைக் கீழே போட்டுவிட்டு மேடேறி வீட்டுக்கே ஓடினேன். அவள் விரலைச் சூப்பிக்கொண்டு கிடந்தாள். திரும்பி வந்தால் நீங்கள் எல்லோரும் புல்லில் உருண்டு சிரிக்கிறீர்கள். "இவள ஓட்டப் பந்தயத்துக்குச் சேத்துக்கங்க மாஸ்டர்!" என்றார் அக்கா.

மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. லைனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு லைன் இருக்கும் பக்கமாகப் போய் ஊன்றினார். "இனிமே எல்லாரும் அங்கிட்டு இருந்து போடுங்க. ஓடி வரும்போது அவங்கவங்க வாசல் நேரா தெரியும். இப்ப பாருங்க லைனை!" என்றவர், அதற்குப் பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்று கடைசியாக நான் போட்ட பந்து நடு ஸ்டம்பில் பட்டது.

மழைக்கும் நம்மை விடமாட்டார். "இங்கிலாந்துல ஒரு நாள் தூத்தல் போட்டுச்சு. எல்லாரும் உள்ள ஓடிட்டாங்க. நான் மட்டும் நடுவுல நிக்கிறேன். கேப்டன் கூப்புடுறாரு. மழ இன்னும் வரலியேங்குறேன்!" மழை ஓயாத இரத்தினபுரிக்காரர் வேறென்ன சொல்வார்?

அவர் வீட்டுச் சுவரில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைத் துண்டு சட்டம் போட்டுத் தொங்கும். ஒரு நாள் வாசித்துப் பார்த்தேன். அவருடைய ஒரே ஓவரில் ஒருவன் நான்கு சிக்ஸர் அடித்த செய்தி!

"இதையா மாஸ்டர் மாட்டி வெச்சிருக்கீங்க?"

"விக்கெட் எடுத்தப்பல்லாம் எம்பேரத் தப்பாவே போட்டானுங்க. இதுலதான் எழுத்துப் பிழையில்லாம வந்துச்சு." சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அடி வாங்குறதுல வெக்கமில்ல மகள். அடுத்த பந்தக் கேட்டு வாங்காம நிக்கிறதுதான் வெக்கம்."

நேற்று துரை என்னைக் கூப்பிட்டு, இனி அணியை யார் பார்ப்பது என்று சிங்களத்தில் கேட்டார். பிள்ளைகள், வீடு, வேலை எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்தன. "நான்தான்," என்றேன். மாஸ்டரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த வெட்கமில்லாத் துணிச்சலைத்தான்.

ஆனால் இங்கே ஏழு பேர்தான் மிச்சம். பதினொன்றுக்கு இன்னும் நான்கு பேர் வேண்டும். ஞாயிறு காலை உங்களில் யார் யார் வர முடியும்? தயவுசெய்து நாளைக்கே பதில் போடுங்கள்.

கோகிலா